தவறியதும் நிற்கும் கட்டளை

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடி மலைக்குச் செல்லும் சாலை, நெடுமங்காடு, விதுரா ஆகிய ஊர்களைக் கடந்து கல்லாறு என்னும் சிற்றூரை அடைகின்றது. அப்பெயருக்குத் தமிழர் எவருக்கும் பொருள் கூற வேண்டுவதில்லை. உருண்டு வழவழப்பேறிய பாறைகளினூடே ஓடிவந்து வாமனபுரம் ஆற்றோடு கலக்கும் அவ்வாற்றின் பெயரே ஊருக்கும் பெயராயிற்று. கல்லாற்றைக் கடந்ததும் மலையேற்றம் தொடங்குகின்றது. உச்சியை அடையுமுன் 22 கொண்டையூசி வளைவுகளைக் கடத்தல் வேண்டும்.

மழை மிகுந்து மண் சரியும் என்ற அச்சம் உள்ள நாட்களில், பொன்முடிக்குச் செல்லும் வண்டிகளை அடிவாரத்திலேயே நிறுத்திவிடுவது வழக்கம். 22 வளைவுகளிலும் வளைவுக்கு ஓர் ஆளை நிறுத்திப் பார்க்கலாகாதா என்று எவரேனும் வினவலாம். பார்க்கலாம், ஆயினும் ஓர் ஆள் சற்றுக் கண்ணயர்ந்தாலும் போதும், வண்டி ஆபத்தை நோக்கிச் சென்றுவிடும். மேலே சென்றபின் திரும்ப இடமின்றித் தவிப்பதைக் காட்டிலும், கீழே நின்று சிறிது நேரம் இழப்பது எவ்வளவோ மேல். இந்த எளிய உண்மையைக் கணிப்பொறிக்குக் கட்டளை எழுதுவோர் எவ்வாறு தம் தொழிலில் மேற்கொண்டனர் என்பதை இங்கே விளக்க முற்படுகின்றோம். பெங்களூர், புனே, ஐதராபாத், திருவனந்தபுரம் முதலிய நகரங்களில் இத்தொழிலால் வாழ்வு நடத்தும் தமிழ்க் குடும்பங்கள் பல. அத்தொழிலில் ஈடுபடாதவரும் தம் வரவு செலவுக் கணக்கையும் குடும்பப் புகைப்படங்களையும் இவ்வியந்திரத்திடமே ஒப்படைத்திருக்கின்றனர். ஆகவே இஃது எல்லோரும் அறிய வேண்டிய செய்தியேயாகும்.

கணிப்பொறி செய்ய வேண்டிய வேலைகளை வரிசையாக எழுதித் தரும் கட்டளைத் தொகுப்பை நிரல் என்கிறோம். பெரிய நிரல்களை எழுதுவதற்கென்று சில மொழிகள் உண்டு. அன்றாட அலுவல்களை விரைவில் முடித்துக்கொள்வதற்கென்று எழுந்த எளிய மொழிகளும் உண்டு. இவற்றை ஸ்கிரிப்ட் மொழிகள் என்பர். கோப்புகளைப் பெயர் மாற்றுதல், கணக்குகளைத் தொகுத்தல், நாள்தோறும் நள்ளிரவில் படியெடுத்து வைத்தல் போன்ற பணிகளுக்கு இவையே ஏற்றவை. அத்தகைய மொழிகளுள் புகழ்பெற்ற ஒன்று பெர்ல். மொழியியல் பயின்ற லாரி வால் என்னும் அமெரிக்கர் 1987-ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டார்.

ஒரு நிரல் தானாகவே எல்லாவற்றையும் செய்துவிடுவதில்லை. 'இந்தக் கோப்பைத் திற', 'இதில் எழுது', 'இதை மூடு', 'இதை அழி' என்று அது கணிப்பொறியின் இயங்குதளத்தை வேண்டிக்கொள்கின்றது. இவ்வாறு வேண்டுவதையே செயற்கூற்றை அழைத்தல் என்பர். வேண்டியதெல்லாம் நிறைவேறும் என்பது உறுதியன்று. கோப்பு அவ்விடத்தில் இல்லாதிருக்கலாம்; திறக்க உரிமை இல்லாதிருக்கலாம்; வட்டு நிறைந்துபோயிருக்கலாம்; வெளியிலிருந்து இணைக்கும் வட்டை இணைக்க மறந்திருக்கலாம். அப்பொழுது இயங்குதளம் 'இயலாது' என்று மறுமொழி தருகின்றது. அம்மறுமொழியை நிரல் செவிமடுக்கின்றதா என்பதே இங்குள்ள கேள்வி.

பெர்ல் மொழியில் திறக்கும் கட்டளைக்கு 'ஓப்பன்' என்று பெயர். அது வெற்றி பெற்றால் 'ஆம்' என்னும் மதிப்பையும், தவறினால் 'இல்லை' என்னும் மதிப்பையும் திருப்பித் தரும். தவறியதற்குரிய காரணத்தைத் தனியே ஓரிடத்தில் குறித்தும் வைக்கும். ஆனால், அம்மதிப்பைப் பார்க்குமாறு நிரலில் எழுதப்படாவிடின், கணிப்பொறி ஒன்றும் நிகழாததுபோல் அடுத்த வரிக்குச் சென்றுவிடும். கடிதம் கொண்டுசென்ற ஏவலன் பூட்டிய கதவைக் கண்டு திரும்பி வந்து, கேட்டாலன்றி வாய் திறவாமல் மூலையில் நிற்பதற்கு இதனை ஒப்பிடலாம். அவன் பொய் கூறவில்லை. கேட்பாரில்லாமையால் உண்மையும் வெளிவரவில்லை.

இதனால் விளையும் கேட்டை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். வெளி மாநில நகரமொன்றில் தமிழ்ச் சங்கம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். பல்லாண்டுகளாகச் சேர்த்த உறுப்பினர் பட்டியலும் சந்தாக் கணக்கும் அதன் கணிப்பொறியில் உள்ளன. சங்கத்திலுள்ள இளைஞர் ஒருவர் சிறு நிரல் ஒன்று எழுதித் தருகின்றார். அதில் உள்ளவை நான்கே வேலைகள்: வெளி வட்டில் புதுக் கோப்பு ஒன்றைத் திறத்தல், பழைய கணக்கை அதில் எழுதுதல், கோப்பை மூடுதல், இடம் மிச்சமாகும் பொருட்டுப் பழைய கோப்பை அழித்தல். மாதந்தோறும் நிரல் செவ்வனே நடந்து வருகின்றது. ஒரு மாதம் வெளி வட்டை இணைக்க மறந்துவிடுகின்றனர். திறத்தல் தவறுகின்றது; கேட்பார் இல்லை. எழுதுதலும் தவறுகின்றது, மூடுதலும் தவறுகின்றது. அவற்றையும் கேட்பார் இல்லை. இறுதியில் அழித்தல் மட்டும் வெற்றியுடன் நிறைவேறுகின்றது! புதியதும் இல்லை, பழையதும் இல்லை. திரையில் ஓர் எச்சரிக்கை தோன்றியிருத்தல் கூடும். நள்ளிரவில் தானே ஓடும் நிரலின் திரையை எவர் பார்க்கப் போகின்றனர்?

இங்கே கூர்ந்து நோக்க வேண்டியது ஒன்றுண்டு. சங்கத்தின் ஏட்டை அழித்தது முதலில் நேர்ந்த தவறன்று. வட்டு இணைக்கப்படாமை மிகச் சிறிய குறை. அங்கேயே நின்றிருந்தால் மறுநாள் வட்டை இணைத்து மீண்டும் தொடங்கியிருக்கலாம். தவறிய பின்னும் நில்லாமல் சென்றமையே பேரிழப்பாய் முடிந்தது.

இதற்குப் பெர்ல் மொழியார் கண்ட பழைய பரிகாரம், ஒவ்வொரு கட்டளையின் பின்னும் 'ஆர் டை' என்று எழுதுவது. 'திற, இன்றேல் மடி' என்பது அதன் பொருள். திறக்க இயலாவிடின் நிரல் அங்கேயே காரணம் கூறி உயிர் விடும். இது நல்ல வழியே. ஆயினும் கோப்பைத் தொடும் வரிகள் நூறு இருப்பின், நூறிலும் இதனை மறவாது எழுத வேண்டும். வளைவுக்கு ஓர் ஆளை நிறுத்தும் முறையே இது. தொண்ணூற்றொன்பது இடங்களில் எழுதி ஓரிடத்தில் விட்டுவிட்டாலும், அந்த ஓரிடத்தில் வண்டி சரிவில் இறங்கிவிடும்.

எழுதியும் ஏமாறும் வழி ஒன்றும் உண்டு. 'ஆர்' என்னும் சொல்லுக்கு ஈடாக இரண்டு செங்குத்துக் கோடுகளையும் பெர்ல் மொழியில் எழுதலாம். இரண்டும் 'இன்றேல்' என்னும் பொருளனவே. ஆனால் அக்கோடுகள் தமக்கு முன்னுள்ள சொல்லை இறுகப் பற்றிக்கொள்ளும் இயல்புடையவை. ஆகவே, கட்டளையை அடைப்புக்குறிக்குள் இடாமல் எழுதிவிட்டால், 'கோப்பைத் திற. இன்றேல் மடி' என்று நாம் கருதி எழுதியதைக் கணிப்பொறி, 'கோப்பின் பெயர் இருந்தால் அதனைத் திற. பெயரே இல்லையெனில் மடி' என்று படித்துக்கொள்ளும். பெயர் எப்பொழுதும் இருக்கும். ஆதலின் நிரல் ஒருபோதும் மடியாது. காவலாளி நிற்பது கண்ணுக்குத் தெரிகின்றது. ஆனால் அவன் பார்ப்பது வேறு சாலையை.

மனிதனின் கவனத்தை மட்டும் நம்பியிருப்பது போதாது என்பது இவற்றால் விளங்கும். 'எழுதினால் நிற்கும், எழுதாவிடில் செல்லும்' என்றிருந்த வழக்கத்தை, 'எழுதாவிடினும் நிற்கும், வேண்டுமென்று எழுதினால்தான் செல்லும்' என்று தலைகீழாக மாற்றுதல் வேண்டும். இம்மாற்றத்தைச் செய்ததே 'ஆட்டோடை' என்னும் துணைக்கருவி. தானாக மடிதல் என்பது அதன் பெயர்ப்பொருள். ஆஸ்திரேலியரான பால் ஃபென்விக் இதனை உருவாக்கினார். 2009-ஆம் ஆண்டில் வெளிவந்த பெர்ல் 5.10.1 பதிப்பிலிருந்து இது அம்மொழியுடனேயே சேர்த்து வழங்கப்பட்டு வருகின்றது.

இது செயற்படும் முறையும் எளிதே. நிரலின் தலைப்பில் 'யூஸ் ஆட்டோடை' என்று ஒரே வரி எழுதினால் போதும். நிரல் ஓடத் தொடங்குமுன், கணிப்பொறி அதனைப் படித்துப் பொருள் கொள்ளும் வேளையிலேயே, திறத்தல், மூடுதல், அழித்தல், பெயர் மாற்றுதல் முதலிய கட்டளைகளின் இடத்தில் அதே பெயருடைய காவற்கட்டளைகள் வந்து அமர்கின்றன. காவற்கட்டளை முதலில் பழைய கட்டளையையே அழைக்கின்றது. அதன் மறுமொழியைத் தானே பார்க்கின்றது. வெற்றியெனில் ஒன்றும் பேசாது வழிவிடுகின்றது. தோல்வியெனில் நிரலை நிறுத்துகின்றது. நிறுத்தும்போது எந்தக் கட்டளை தவறிற்று, எந்தக் கோப்பைத் திறக்க முயன்றது, இயங்குதளம் கூறிய காரணம் யாது, நிரலின் எந்த வரியில் இது நேர்ந்தது ஆகியவற்றையெல்லாம் விளங்க உரைக்கின்றது. நூறு வரிகளில் நூறு முறை எழுத வேண்டியதை ஒரு வரி செய்துவிடுகின்றது.

இதன் அதிகாரம் எதுவரை செல்லும் என்பதையும் அறிதல் வேண்டும். இதற்கு முன்னரே 'ஃபேட்டல்' என்னும் துணைக்கருவி ஒன்று வழக்கில் இருந்தது. காவலுக்குரிய கட்டளைகளை அதில் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும். குறிப்பிட்ட பின் அதன் ஆட்சி அந்தத் தொகுப்பு முழுவதும் பரவும். ஆட்டோடையோ எந்தப் பகுதிக்குள் எழுதப்பட்டதோ அந்தப் பகுதியளவில் நின்றுவிடும். கல்லாற்றில் வண்டியை நிறுத்துவோர் பொன்முடிச் சாலைக்கே பொறுப்பாளர். நாகர்கோவில் சாலையில் செல்வோரை அவர்கள் தடுப்பதில்லை. அதுபோலவே பிறர் எழுதிய பகுதிகளை ஆட்டோடை தொடுவதில்லை. 'இல்லை' என்னும் மறுமொழியை எதிர்பார்த்தே எழுதப்பட்ட பழைய பகுதிகள் இதனால் கெடாமல் நடக்கின்றன.

கருவியைப் புகழ்வதோடு நின்றுவிடுதல் தகாது. அது காவாத இடங்களையும் கூறுதல் கடமை. எழுதும் கட்டளையாகிய 'பிரிண்ட்' ஆட்டோடையின் காவலுக்கு உட்படுவதில்லை. பிற நிரல்களை ஏவும் 'சிஸ்டம்' என்னும் கட்டளைக்கும் தனியே கேட்டாலன்றிக் காவல் இல்லை. எழுதுவதைக் காவாத கருவியால் பயன் யாது என்று தோன்றலாம். எழுதிய எழுத்துகள் உடனே வட்டிற்குச் செல்வதில்லை. இடையில் ஒரு தேக்கத்தில் தங்கி, நிறைந்தபோதோ கோப்பை மூடும்போதோ வட்டிற்குச் செல்கின்றன. ஆகையால், வட்டு நிறைந்துவிட்டது என்னும் செய்தி பல வேளைகளில் மூடும்போதுதான் தெரியவரும். மூடும் கட்டளைக்கு ஆட்டோடையின் காவல் உண்டு. ஆதலின், திறந்த கோப்பைத் தாமே மூடுவதும், மூடிய பின்னரே பழையதை அழிப்பதும் நல்ல நிரலருக்குரிய ஒழுக்கமாகும். சங்கத்தின் நிரலில் இவ்வொரு வரி இருந்திருப்பின், திறக்கும் இடத்திலேயே அது நின்றிருக்கும். பழைய ஏடு பிழைத்திருக்கும்.

தவறியதும் நிற்பதன் பெருமையை உணர்த்தும் நிகழ்ச்சிகள் இரண்டு நம் நாட்டின் விண்வெளி வரலாற்றில் உள்ளன. இரண்டும் திருவனந்தபுரத்தோடு தொடர்புடையவை. அங்குள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் உருவான எஸ்.எல்.வி.-3 ஏவுகலம் 1979-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதன்முறையாக எழும்பிற்று. இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் அத்திட்டத்தின் இயக்குநர். ஏவுதலுக்குச் சற்று முன்னர்க் கணிப்பொறி 'நிறுத்து' என்று கூறியதையும், வல்லுநர்களுடன் கலந்து அதனை மீறித் தாமே ஏவ ஆணையிட்டதையும் பிற்காலத்தில் அவரே பல மேடைகளில் வெளிப்படையாக எடுத்துரைத்திருக்கின்றார். இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்புக்குரிய அமிலம் கசிந்திருந்தது. முதற்கட்டம் செவ்வனே நடந்தது; இரண்டாம் கட்டத்தில் கலம் நிலைதடுமாறி, 317 வினாடிகளில் பயணம் முடிந்து வங்கக் கடலில் வீழ்ந்தது. அடுத்த ஆண்டு, 1980 ஜூலை 18-ஆம் நாள், அதே கலம் ரோகிணி துணைக்கோளைச் சுமந்து சென்று வெற்றி கண்டது.

மற்றது 2001-ஆம் ஆண்டு மார்ச் 28-ஆம் நாள் நிகழ்ந்தது. ஜி.எஸ்.எல்.வி. ஏவுகலத்தின் முதல் பயணம் அது. அக்கலத்தில் பக்கவாட்டில் உள்ள நான்கு திரவ எரிபொருள் எஞ்சின்களை முதலில் மூட்டுவர். ஏறக்குறைய ஐந்து வினாடிகள் சென்றபின், நான்கும் நன்கு இயங்குவதைக் கணிப்பொறி கண்டறிந்த பின்னரே, நடுவிலுள்ள திட எரிபொருள் பகுதி மூட்டப்படும். இம்முறைக்குக் காரணம் உண்டு. திரவ எரிபொருளை அடைத்து எஞ்சினை நிறுத்தலாம். திட எரிபொருளோ ஒருமுறை பற்றினால் அணைக்க இயலாது. அன்று நான்கில் ஓர் எஞ்சின் போதிய உந்துவிசை தரவில்லை. கணிப்பொறி எவரையும் கேளாமல், நொடிப்பொழுதில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது. கலம் மேடையிலேயே நின்றது. குறை களையப்பட்டு, 21 நாட்கள் கழித்து, ஏப்ரல் 18-ஆம் நாள் அது வானில் எழுந்தது. அவ்வெஞ்சின்களை உருவாக்கிய திரவ உந்துவிசை அமைப்பு மையத்தின் தலைமையகம், நாம் தொடக்கத்தில் கூறிய நெடுமங்காட்டை அடுத்த வலியமலையில் இருக்கின்றது. அவற்றைச் சோதிக்கும் களம் நம் நெல்லைச் சீமையின் மகேந்திரகிரியில் இருக்கின்றது.

திரும்ப இயலாத செயலுக்குச் சற்று முன்னே காவலை நிறுத்துவதே அறிவுடைமை என்பது இதனால் பெறப்படும் பாடம். ஏவுகலத்திற்குத் திட எரிபொருளை மூட்டுதல் எத்தகையதோ, சங்கத்தின் நிரலுக்குப் பழைய கோப்பை அழித்தல் அத்தகையது.

அவ்வாறாயின் எந்த இடத்திலும் நிற்பதுதான் சரியோ என்றால், அன்று. 1996-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள் ஐரோப்பியரின் ஏரியன்-5 ஏவுகலம் முதன்முறையாக எழும்பி, 40 வினாடிக்குள் சிதறிப்போயிற்று. அதன் திசையறி கணிப்பொறியில் ஒரு பெரிய எண்ணை 32,767-க்கு மேல் கொள்ளாத சிறிய இடத்தில் அடைக்க நேர்ந்தது, பிழை எழுந்தது, பிழை எழுந்தால் நின்றுவிடுக என்று விதித்திருந்தமையால் அது நின்றுவிட்டது. துணைக்கு வைத்திருந்த மற்றொரு கணிப்பொறியும் அதே காரணத்தால் ஏற்கெனவே நின்றிருந்தது. அந்தக் கணக்கோ கலம் தரையில் இருக்கும்வரைதான் தேவைப்பட்டது! தரையில் நிற்பது பாதுகாப்பு. பறக்கும்போது நிற்பது அழிவு. நிற்றல் என்பது எங்கே மலிவோ அங்கேதான் நிற்க வேண்டும்.

இக்காரணம் பற்றியே, நிறுத்தும் வழியோடு பிடித்துக்கொள்ளும் வழியையும் மொழிகள் தருகின்றன. எழுந்த பிழையைப் பிடித்து, அதன் காரணத்தை ஆராய்ந்து, தக்கது செய்து மேற்செல்லலாம். பெர்ல் மொழியில் இதற்கு 'இவால்' என்னும் பழைய முறை உண்டு. 'டிரை', 'கேட்ச்' என்னும் புதிய முறை 2021-இல் சோதனையாகப் புகுந்து, 2024-இல் வந்த 5.40 பதிப்பில் நிலைபெற்றது. நிரல் முதன்முறை ஓடும்போது பழைய கோப்பு இல்லாதிருத்தல் இயல்பே; அங்கே பிழையைப் பிடித்துப் புதுக் கோப்பை உண்டாக்கிக்கொள்ளலாம். ஆனால், பிழையைப் பிடித்து ஒன்றும் செய்யாமல் விழுங்கிவிடுதல், வாய் திறவாத பழைய ஏவலனையே மீண்டும் வேலைக்கு அமர்த்துவதாகும்.

பிற மொழிகளிலும் இக்கருத்து வேரூன்றியிருக்கின்றது. 1991-இல் வெளிவந்த பைத்தான், கோப்பைத் திறக்க இயலாவிடின் கேளாமலே பிழையை எழுப்பும். யூனிக்ஸ் கணிப்பொறிகளின் ஷெல் மொழியில் 'செட்' என்னும் கட்டளையோடு கோடும் 'இ' எழுத்தும் சேர்த்து எழுதினால், கட்டளை தவறியதும் நிரல் நிற்கும். ஆயினும் பல கட்டளைகளைக் குழாய்போல் இணைத்தால், இறுதிக் கட்டளையின் வெற்றி தோல்வியையே அது இயல்பாகக் கணக்கிடும். நடுவில் தவறியது மறைந்துவிடும். காவலின் எல்லையை அறியாது காவலை நம்புதல் எம்மொழியிலும் ஆகாது.

இத்தொழிலில் உள்ள நம் இளைஞர் கடைப்பிடிக்கத் தக்கவை மூன்று. கோப்பைத் தொடும் நிரல் எதுவாயினும் முதல் வரியிலேயே காவலை நிறுவுக. மீள இயலாத செயலை எல்லாவற்றிற்கும் இறுதியில் வைக்க. எழுதி முடித்தபின், வட்டைக் கழற்றிவிட்டும் கோப்பின் பெயரை மாற்றியும் வேண்டுமென்றே ஒருமுறை தவறச் செய்து, நிரல் நிற்கின்றதா என்று கண்ணாரக் காண்க. தொழில் அறியாதவர், தமக்கு நிரல் எழுதித் தருவோரிடம் ஒன்றே ஒன்று கேட்டால் போதும்: 'இது தவறினால் எமக்கு எப்படித் தெரியும்?' இவ்வினாவிற்குத் தெளிவான விடை கிடைக்கும் வரையில், பழைய ஏட்டை அழிக்க எவருக்கும் இசைவளித்தல் வேண்டா.